விட்டுப்போன மூலை

விட்வொர்த் மேட்டில் ஹாதோர்ன் என்ற பெயரில் மூன்று தெருக்கள் இருக்கின்றன. ஹாதோர்ன் டிரைவ், ஹாதோர்ன் குளோஸ், ஹாதோர்ன் அவென்யூ. பெயர் வைத்தவனுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, ஒரு மரத்தின் பெயரை எடுத்து மூன்றுக்கும் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். மூன்று தெருவிலும் ஒன்பதாம் நம்பர் வீடு உண்டு. மூன்று வீட்டுக்கும் பின்சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி அறை உண்டு. தபால்காரனே வாரத்துக்கு ஒரு முறை தடுமாறுகிற இடம் அது.

ஜன்னல் துடைக்கிற ஜனீன் கிளெக் தடுமாறியது செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். தப்பு முழுக்க அவளுடையது என்றும் சொல்ல முடியாது. முந்தின நாள் மிசஸ் லோமாக்ஸ் என்ற அம்மாள் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள். ஹாதோர்ன், ஒன்பதாம் நம்பர். கண்ணாடி அறையின் கூரை மானத்தை வாங்குகிறது. பக்கத்துக் கதவு திறந்திருக்கும். தலைவலி இருப்பதால் மணி அடிக்கக் கூடாது. டிரைவா, குளோஸா என்று சொன்ன இடத்தில் ஒரு லாரி கடந்து போயிருந்தது. ஜனீன் மூன்று தடவை போட்டுக் கேட்டாள். மூன்று தடவையும் லாரிதான் போனது.

திரும்பக் கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. வேனைக் குளோஸ் முனையில் நிறுத்தி எட்டிப் பார்த்தாள். ஒன்பதாம் நம்பர் வீட்டின் பின்னால் தெரிந்த கூரை கரும்பச்சையாக இருந்தது. மானத்தை வாங்குகிற கூரை இதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். பக்கத்துக் கதவும் திறந்தே கிடந்தது.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் பள்ளத்தாக்கில் இருந்த செருப்புத் தொழிற்சாலையில் போயிற்று. வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நடக்கிற மெத்துச் செருப்புக்கு அடி ஒட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் வேகிற இறைச்சியில்கூட அந்தப் பசைதான் மணக்கும். ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூட்டி, இனிமேல் செருப்பு கப்பலில் வரும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். கணக்கு முடித்துக் கையில் வந்த பணத்தை வைத்து மற்றப் பெண்கள் சமையலறையைப் புதுப்பித்தார்கள், வெயிலுக்கு ஸ்பெயின் போய் வந்தார்கள். ஜனீன் கிழவர் கிராம்ப்டனின் ரவுண்டை வாங்கினாள்.

ஜன்னல் துடைக்கிறவர்களுக்கு ஏணியும் வேனும் சொத்தல்ல. ரவுண்டுதான் சொத்து. எந்தெந்த வீடு, எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை, எந்தக் கதவைத் தூக்கித் தள்ள வேண்டும், எந்த நாய் குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், எந்த நாய் குரைக்காமலே வரும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ரவுண்டு. நிலம் மாதிரி அதை விற்பார்கள், வாங்குவார்கள். ஆனால் பத்திரம் கிடையாது. ஊர் வாயில்தான் அது நிற்கிறது. இரண்டு பேர் ‘அவ சரியில்ல’ என்று சொன்னால் மீதிப் பேர் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ரவுண்டு கரைந்துவிடும். ஜனீனுக்கு இது இரண்டாம் வருஷம். இன்னும் அவள் ‘கிராம்ப்டனுக்குப் பதிலா வர்ற பொம்பளை’தான்.

கண்ணாடி அறைக் கூரை என்றால் மற்ற ஆட்கள் நழுவிவிடுவார்கள். கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டும், தோள் கழன்றுவிடும். மேலே ஏறியும் செய்ய முடியாது. கிராம்ப்டன் ஒரே ஒரு தடவை அப்படிக் கால் வைத்தார். ஒரு குடும்பத்துச் சாப்பாட்டு மேசையின் நடுவில் போய் இறங்கினார். அவருக்கு இடுப்பு போனது, ஜனீனுக்கு ரவுண்டு வந்தது. அதனால் அவள் தரையிலிருந்துதான் செய்வாள், ஏணி வைத்தால் சுவரில்தான் வைப்பாள். செருப்பு ஒட்டிய தோளுக்கு இது ஒன்றும் பெரிய பாரமில்லை.

அந்த வீட்டின் கண்ணாடி அறை கம்பெனிக்காரன் கட்டியது போல இல்லை. மரச்சட்டம், பழைய கண்ணாடி, பட்டைக்குப் பட்டை ஒரு விரல் கோணல். யாரோ சொந்தக் கையால் கட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டு ஜன்னல்களில் திரை இறக்கியிருந்தது. ஜனீன் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஜன்னல் துடைக்கிறவள் வந்தால் இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். சிலர் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள், சிலர் திரையை இழுத்துவிடுவார்கள். அதற்கும் நேரமில்லாதவர்கள் காலியான தேநீர்க் கோப்பைக்குள் கண்ணை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு அடி தூரத்தில், ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேலை செய்தாலும் அவள் அங்கே இல்லை. அது மரியாதைதான் என்று கிராம்ப்டன் சொல்வார். இருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாக மரியாதையை மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தால் மனுஷிக்கு என்னவோ போலத்தான் இருக்கும்.

வேனிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள். கம்பை நீட்டினாள். முதலில் பிளாஸ்டிக் சுரண்டியை மாட்டிப் பாசியைக் கிளப்பினாள். பிறகு பிரஷ். கம்புக்குள்ளேயே தண்ணீர் ஏறி நுனியில் கொட்டும். அது உப்பு நீக்கின தண்ணீர், துடைக்காமல் விட்டாலும் கறை நிற்காது. மேலே பிடித்திருந்தது ஒருநாள் இரண்டுநாள் பச்சை அல்ல. பல வருஷமாகப் படிந்து, அதன்மேல் புகை படிந்து, அதன்மேல் மறுபடி முளைத்தது. தேய்க்கத் தேய்க்க சகதியாக வழிந்து அவள் முழங்கை வழியாக அக்குள் வரைக்கும் போனது. ஒரு பட்டை முடிய இருபது நிமிஷம். முடிந்ததும் தண்ணீரைத் தாராளமாக விட்டு அலசினாள். அந்தப் பட்டையில் வானம் வந்து உட்கார்ந்தது.

நான்காவது பட்டை முடிகிறபோது பக்கத்து ஜன்னலின் திரை மெல்ல மேலே போனது. கை தூக்கவில்லை, கைத்தடி ஒன்று அடியில் கொடுத்துத் தூக்கியது. உள்ளே சாய்த்து நிமிர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் ஒரு பெரிய ஆள். அகலமான தோள், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி சட்டை தொங்கியது. மூக்கில் பிராணவாயுக் குழாய். அவர் அவளைப் பார்த்தார். நேராக, கண்ணை எடுக்காமல், கால்பந்தாட்டம் பார்க்கிறவன் மாதிரி பார்த்தார்.

ஜனீன் தலையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். மிசஸ் லோமாக்ஸின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா, யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே மீதி இரண்டு பட்டையையும் முடித்தாள். முடிக்கிற வரைக்கும் அந்தக் கண்கள் பிரஷ் போன இடமெல்லாம் போயின. இப்படி ஒருவர் பார்க்க அவள் வேலை செய்ததே கிடையாது. அதனால் கொஞ்சம் அழகாகவே செய்தாள். ஓரங்களைத் திருப்பித் திருப்பி அலசினாள்.

கம்பைச் சுருக்கும்போது ஜன்னலில் டொக் டொக் என்று கேட்டது. கைத்தடி மேலே இடது மூலையைக் காட்டியது. அவருடைய உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, வரவும் தேவையில்லை. அந்த நாட்டில் ஜன்னல் துடைக்கிற எவரைப் பார்த்தாலும் எவனும் சொல்கிற ஒரே ஜோக் அது. தெருவில் போகிறவன் சொல்வான், பஸ் ஓட்டுகிறவன் கண்ணாடியை இறக்கிச் சொல்வான், பாதிரியாரும் சொல்வார். ஒரு இடம் விட்டுப்போச்சு.

ஜனீன் இந்த ஜோக்குக்குச் சிரிப்பதை நிறுத்திப் பல மாதம் ஆகிறது. ஆனால் இந்த ஆள் காட்டின மூலையில் நிஜமாகவே விட்டுப்போயிருந்தது. கூரை வீட்டுச் சுவரோடு சேர்கிற இடத்தில், கட்டிலின் கால்மாட்டுக்கு நேர்மேலே, பாசி ஒரு தலையணை அளவுக்கு உப்பி உட்கார்ந்திருந்தது. மற்ற இடத்தில் விரல் கனம். இங்கே ஒரு ரொட்டி கனம். அனுபவப்பட்ட கை அதைத் தொடாது. பாசி சும்மா ஒரு இடத்தில் அப்படித் திரளாது. அடியில் ஓட்டை இருக்கும், ஈரம் இருக்கும். பாசிதான் அதை அடைத்துக்கொண்டிருக்கும். இதை அவளுக்குக் கிராம்ப்டனும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. போன வருஷம் ஒரு வீட்டு மேல்கூரையில் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

தெரிந்தேதான் சுரண்டியை மறுபடி மாட்டினாள். அந்த மனுஷன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் காட்டி, அவள் செய்து, அவர் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பாசி ஒரே கட்டியாகப் பெயர்ந்து புல்லில் வந்து விழுந்தது. உள்ளே இருந்தவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தபோது முதல் தூறல் விழுந்தது. அந்த மேட்டில் மழை கேட்டுக்கொண்டு வராது. அதே நேரத்தில் தொலைபேசி அடித்தது. மிசஸ் லோமாக்ஸ். மணி பதினொன்றே கால் ஆகிறது, காலையிலிருந்து காத்திருக்கிறேன், வருகிற உத்தேசம் உண்டா என்று கேட்டாள்.

“உங்க வீட்டுப் பின்னாலதாங்க நிக்கறேன். இப்பத்தான் முடிச்சேன்.”

“எங்க வீட்டுப் பின்னால நான் நிக்கறேன்,” என்றாள் மிசஸ் லோமாக்ஸ். “உன்னை இங்க காணோம்.”

டிரைவ். லாரி கடந்து போன இடத்தில் அந்த அம்மாள் டிரைவ் என்று சொல்லியிருக்கிறாள். அரை மணியில் வருகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்து, கேட்காத கூரையைத் தேய்த்து, தொடக்கூடாத மூலையைத் தோண்டி எடுத்திருக்கிறாள்.

கண்ணாடிக்குள் கைத்தடி ‘வா’ என்று ஆடியது. கதவைத் தள்ளினாள். தாழ் போட்டிருக்கவில்லை. அவர் பெயர் டெரிக் ஆஷ்வொர்த் என்றார். ஜனீன் வாசல் மிதியடியிலேயே நின்று, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டதைச் சொன்னாள்.

“தெரியும்,” என்றார் டெரிக்.

“எப்பலேர்ந்து?”

“நீ குழாயை இழுத்துக்கிட்டு வந்தப்பவே. எங்க வீட்ல யாரும் உன்னைக் கூப்பிடல. மொரீன் கூப்பிடவும் மாட்டா.” மொரீன் அவர் மனைவி. முடி சுருட்டி வைத்துக்கொள்ளக் கிளெண்டா என்பவளின் கடைக்குப் போயிருந்தாள். வியாழக்கிழமை தோறும் போவாள்.

“அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நிறுத்தியிருப்பியே கண்ணு.” மூச்சு வாங்கிக்கொண்டார். மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை வாங்க வேண்டியிருந்தது. “ஏழு மாசமா குட்டைக்கு அடியில கிடக்கற மாதிரி கிடந்தேன். தவளை ஒண்ணுதான் பாக்கி.”

கட்டிலை வேறெங்கும் போட முடியவில்லை என்றார். மாடிக்கு ஏறாது, முன்னறைக் கதவில் நுழையாது. இந்தத் தோட்டத்துக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது. பேசிக்கொண்டே மேலே பார்த்தார். ஜனீனும் பார்த்தாள். சரிந்த கண்ணாடியில் மேகம் போனது. அதற்குக் கீழே மலையின் ஓரமும், அதில் வெட்டி எடுத்த கல்குவாரியின் மஞ்சள் வாயும் தெரிந்தன. அங்கேதான் முப்பத்தொரு வருஷம் கல் அறுத்தேன் என்றார். அந்தத் தூசுதான் இப்போது நெஞ்சுக்குள் இருக்கிறது. பாழாப்போன இடம், ஆனாலும் பார்க்கணும் போல இருந்தது. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், அது மூடிப் போச்சு. இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அது அடங்கின அமைதியில்தான் கேட்டது. பொட். போர்வையின் கால்மாட்டில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. மேலே இடது மூலையில் சுவரும் கண்ணாடியும் சேர்கிற இடத்தில் தண்ணீர் கோடாக இறங்கி, மரச்சட்டத்தின் நுனியில் திரண்டு, கட்டிலின் மேல் விழுந்தது. ஜனீன் கண்ணில் பட்ட சலவைக் கூடையை எடுத்து வைத்தாள். கூடையில் ஓட்டைகள் இருந்தன. அதை எறிந்துவிட்டுப் பூத்தொட்டியின் தட்டை வைத்தாள்.

அந்தத் தட்டோடுதான் மொரீன் அவளைப் பார்த்தாள்.

மொரீன் ஆஷ்வொர்த் சின்ன உருவம். தலையில் புதிதாகச் சுருட்டி வைத்த முடி, அதன்மேல் மழைக்கு மூடிய பிளாஸ்டிக் துணி, தாடையின் கீழ் முடிச்சு. முதலில் தட்டைப் பார்த்தாள். பிறகு சொட்டைப் பார்த்தாள். கடைசியாகக் கூரையைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்க்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அவிழ்த்த பிறகு நிறுத்தவில்லை. யாரைக் கேட்டு வந்தாய், யார் உனக்குக் கதவு திறந்தது, கண் இருக்கிற எவளாவது அந்த மூலையைத் தொடுவாளா என்று கேட்டாள். முப்பது வருஷமாக அந்தப் பாசிதான் மழையைத் தடுத்து வைத்திருந்தது. கிராம்ப்டன் வந்த காலத்தில் அவரை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுவாளாம். அந்த மூலையைச் சுரண்டுவார்கள் என்ற பயத்திலேயே கூரை பக்கமே யாரையும் விடவில்லையாம். இந்த ஆளுக்கு ஈரம் ஆகாது, கட்டிலை நகர்த்த இடம் கிடையாது, நர்ஸ் திங்கட்கிழமைதான் வருவாள். நீ பாட்டுக்கு வந்து தோண்டிவிட்டுப் போகிறாய்.

ஜனீன் தட்டைச் சொட்டுக்கு நேராக நகர்த்தி வைத்தாள். மொரீன் சொன்னது எல்லாமே உண்மை.

“அடுத்த வியாழக்கிழமை கிளெண்டா கடையில சொல்றேன்,” என்றாள் மொரீன். “நீ யாரு, என்ன செஞ்சேன்னு மேல் தெரு கீழ் தெரு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்.”

ஜனீனின் ரவுண்டில் பாதிப் பேர் வியாழக்கிழமை தோறும் கிளெண்டாவின் முடி உலர்த்துகிற கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். செருப்புக்கு அடி ஒட்டின இருபத்திரண்டு வருஷம் அந்தக் கூண்டுகளுக்கு அடியில் போய்விடும் என்று அவளுக்குப் புரிந்தது. தட்டு நிரம்பிக்கொண்டு வந்தது.

“நான்தான் எடுக்கச் சொன்னேன்,” என்றார் டெரிக்.

“நீ அவளைக் கால்வாயில குதின்னுகூடச் சொல்லுவ. செய்யறவளுக்கு எங்க போச்சு புத்தி?”

டெரிக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் போலத் தெரிந்தது. மழை வலுத்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“மொரீன். ஈயம் பத்தல.”

“என்ன பத்தல?”

“ஈயத்தகடு. தொண்ணூத்தி நாலுல. சுவரோட சேர்ற இடத்துல மேல மடிச்சு விடறது. மூலை வரைக்கும் வரல. ஒரு முழம் குறைஞ்சுது.” மூச்சு. “சனிக்கிழமை சாயங்காலம், கடை சாத்திட்டான். ஞாயித்துக்கிழமை உங்கக்கா பார்க்க வர்றா. சிமெண்டை அப்பி, சாம்பல் பெயிண்ட் அடிச்சேன்.”

மொரீன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “பக்கத்து வீட்டு நார்மனோட ஓட்டுத் தண்ணி வழிஞ்சு வழிஞ்சு சுவர் கெட்டுப்போச்சுன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“பதினோரு வருஷம் நார்மன் பொண்டாட்டிகிட்ட நான் பேசல, டெரிக். நார்மன் செத்தப்ப எல்லாரும் சாண்ட்விச் செஞ்சு கொண்டுபோனாங்க. நான் கொண்டுபோகல.”

“தெரியும்.”

“நீ மட்டும் போய் நாலு தின்னுட்டு வந்த.”

“பன்றிக்கறி வச்சது. நல்லா இருந்துச்சு,” என்றார் டெரிக்.

ஜனீன் தட்டில் தளும்பிய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தாள். குடும்பத்துக்குள் நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தாலும் தட்டை விட்டுப் போக முடியவில்லை. டெரிக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். குறைந்த துண்டைத் திங்கட்கிழமையே போய் வாங்கி வந்தேன் என்றார். அதற்குள் மொரீனுடைய அக்கா, கூரை பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் ஏறிப் பிரிக்க மனசு வரவில்லை. ஷெட்டில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறது. முப்பது வருஷமாக வைத்த இடத்தில் இருக்கிறது.

இருந்தது. சிலந்தி கட்டின சாக்கில் சுற்றி, ஒரு முழம் நீளத்துக்கு, வாங்கின மடிப்பு கலையாமல் இருந்தது. ஜனீன் அதைத் தூக்கிப் பார்த்தாள். கைக்குக் கனமாக, வளைத்தால் வளைகிற நல்ல ஈயம்.

மழையில் ஏணி வைப்பது பைத்தியக்காரத்தனம். ஈரத்தில் பசை ஒட்டாது, ஓட்டை அடைக்கிற நாடாவும் ஒட்டாது. ஆனால் ஈயத்துக்குப் பசை வேண்டாம். சுவரின் செங்கல் இடுக்கில் நுழைத்து, அதன் ஓரத்திலேயே நறுக்கி மடித்த துண்டுகளை ஆப்பு மாதிரி அடித்துவிட்டால் நிற்கும். காய்ந்த பிறகு பூச்சு பூசிக்கொள்ளலாம். மூலை ஓரத்தில் இருந்ததால் கூரை மேல் சாயவேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் வீட்டுச் சுவரில் ஏணியைச் சாய்த்தால் கைக்கு எட்டும். ஆனால் புல் வழுக்கியது. கால் நழுவாமல் யாராவது கீழே பிடிக்க வேண்டும்.

அவள் கேட்கவில்லை. மொரீன் தானாகவே வந்து ஏணியின் அடியில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். பிளாஸ்டிக் துணியைத் தலையில் கட்டிக்கொள்ள மறந்திருந்தாள். அல்லது மறக்கவில்லையோ என்னவோ.

“முடி போயிடுமே,” என்றாள் ஜனீன் மேலிருந்து.

“போனா போவுது. மேல பார்த்து வேலை செய்.”

முப்பது வருஷத்து சிமெண்ட், சுரண்டி பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஈரமான இடுக்கைத் தோண்டிச் சுத்தம் செய்தாள். ஈயத்தின் விளிம்பை மடித்து உள்ளே நுழைத்தாள். சுத்தியல் வேனில் இருந்தது. இறங்க மனமில்லாமல் சுரண்டியின் பிடியாலேயே தட்டினாள். மழைநீர் கழுத்து வழியாக இறங்கி முதுகெலும்பில் ஓடியது. ஒரு ஆப்பு, இரண்டு ஆப்பு, மூன்று. பழைய தகட்டின் மேல் புதியதை ஏற்றி, கண்ணாடியோடு ஒட்டிப் படியும்படி உள்ளங்கையால் அமுக்கி அமுக்கித் தடவினாள். ஈயம் சொன்னபடி கேட்டது. கீழே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெரிக் தலையைத் திருப்பி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு ஆப்பைக் கோணலாக வைத்தபோது கைத்தடி ‘இல்லை’ என்று ஆடியது. அவள் நேராக்கினாள்.

ஏணியின் அடியிலிருந்து மொரீன் பேசினாள். மேலே பார்க்காமல், புல்லைப் பார்த்துப் பேசினாள்.

“அவர் சிரிச்ச சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. நான் கதவைத் திறக்கறப்ப.”

ஜனீன் தகட்டின் மறு ஓரத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.

“பிப்ரவரிலேர்ந்து சிரிக்கல. ஏதோ டிவியில சிரிக்கறாங்கன்னு நினைச்சேன்.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “குளிர்காலம் தாண்டமாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவருக்கும் தெரியும். நல்லா அமுக்கு, அந்த ஓரம் தூக்கியிருக்கு பாரு.”

ஜனீன் ஓரத்தை அமுக்கினாள்.

இறங்கி உள்ளே வந்தபோது தட்டில் சொட்டு விழுவது நின்றிருந்தது. மூன்று பேரும் அதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் ஆனது. கூரையில் மழை அடித்து, சரிந்து, கோடு கோடாக இறங்கி ஓரத்தில் கொட்டியது. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. டெரிக் மழையை அடியிலிருந்து பார்த்துக்கொண்டு கிடந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மொரீன் ஒரு துண்டை ஜனீனிடம் எறிந்தாள். இன்னொன்றால் தன் தலையைத் துவட்டினாள். கிளெண்டா ஒரு மணி நேரம் சுருட்டினது நனைந்த பூனை மாதிரி ஒட்டிப்போயிருந்தது. தேநீரும், உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்த பணியாரத்தில் பாதியும் வந்தன. வேலைக்கு வந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்வார்கள் என்று ஜனீன் எதிர்பார்த்ததில்லை. நின்றுகொண்டே தின்று பழகிவிட்டதால் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். காய்ந்ததும் வந்து பூச்சு பூசிவிடுகிறேன், இதற்கெல்லாம் ஒன்றும் வேண்டாம், என் தப்பு என்றாள். மொரீன் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டவில்லை.

“நாலு வாரத்துக்கு ஒரு தடவை வா. ஜன்னலும் சேர்த்து.”

“எட்டு வாரம் போதுங்க. கூரை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது.”

“நாலு,” என்றாள் மொரீன். கட்டிலைப் பார்க்காமல் சொன்னாள். “எட்டெட்டா எண்ண எங்ககிட்ட நேரம் இல்ல.”

ஜனீன் தலையாட்டினாள். இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “வியாழக்கிழமை கிளெண்டா கடையில...”

“சொல்லத்தான் போறேன். போன வாரம் வச்ச முடி என்னாச்சுன்னு கேப்பாங்கல்ல?” துண்டை மடித்தாள். “முப்பது வருஷமா ஒருத்தன் என்கிட்ட ஈயப் பொய் சொன்னான், ஒருத்தி வீடு தெரியாம வந்து கண்டுபிடிச்சா, நான் மழையில நின்னு ஏணி புடிச்சேன்னு சொல்லுவேன். உன் பேரு என்ன?”

பெயரைச் சொன்னாள். “ஜனீன் கிளெக்,” என்று மொரீன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கிராம்ப்டனின் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை. ஜனீன் நாற்காலி நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். ஒரு வாய் தேநீர் குடித்தாள்.

மழை தூறலாகி நின்றது. மிசஸ் லோமாக்ஸ் இரண்டாவது தடவை கூப்பிட்டாள். அரை மணி என்றாயே, அது எந்த ஊர் அரை மணி என்று விசாரித்தாள். ஜனீன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏணியை வேனில் ஏற்றினாள், குழாயைச் சுற்றினாள், கம்பை எடுக்கத் தோட்டத்துக்குத் திரும்பி, அதைச் சுருக்கிக் கட்டினாள். பார்வை தற்செயலாகக் கண்ணாடி அறை பக்கம் போனது.

உள்ளே கைத்தடி மேலே காட்டிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கிற வரைக்கும் இறக்காமல் அப்படியே பிடித்திருந்தார் போலும், தடியின் நுனி சரிந்து சரிந்து எழுந்தது. நடுப்பட்டையில், அலசி விட்ட கண்ணாடியின் நட்டநடுவில், மழை ஓய்ந்ததும் கிளம்பி வந்த கடற்பறவை ஒன்று வெள்ளையாக ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போயிருந்தது. அவருடைய உதடு அசைந்தது.

ஜனீன் சிரித்தாள். தொலைபேசியில் மிசஸ் லோமாக்ஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு அஞ்சு நிமிஷங்க, ஒரு இடம் விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு, கட்டின கம்பை அவிழ்த்தாள்.